வாரம் ஏழும் ஞாயிறு

முன்னொரு காலத்தில் கொன்றையூர் நாட்டை மாவலிகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் சொன்னதை மத்தியானம் மாற்றுவான், மத்தியானம் மாற்றியதைச் சாயங்காலம் மறந்துவிடுவான். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அசையமாட்டான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குச் சூரிய விரதம். அன்றைக்கு அவன் இலையில் ஒரு கல் உப்பு விழக்கூடாது.

உப்பில்லாமல் ருசியாகச் சமைப்பது லேசான காரியமா? அந்த வித்தை தெரிந்தவள் அரண்மனை மடைப்பள்ளித் தலைவி காத்தாயி. அவளுக்குக் கீழே பன்னிரண்டு பெண்கள். ஊரே விரதமிருந்து கோயிலுக்கும் குளத்துக்கும் போகிற நாளில் இவர்கள் மட்டும் புகையில் வேகிறார்களே என்று ராஜா ஒரு தடவை மனமிளகி ஓலை கொடுத்திருந்தான்: மற்ற நாள் வேலைக்குக் கூலி ஒரு மரக்கால் நெல், ஞாயிறு வேலைக்கு இரண்டு மரக்கால்.

இது ஒருவருக்குப் பொறுக்கவில்லை. ராஜாவின் ஆணைகளை எழுதும் ஓலைநாயகம் அனந்தப்பர். அவர் விடிய விடியப் பாட்டுக் கட்டிப் பாடினால் ராஜா கொட்டாவி விடுவான். காத்தாயி வைத்த கீரைக் கடைசலுக்கு ‘ஆகா!’ என்பான். வயிறு எரியாதா?

ஒருநாள் அனந்தப்பர் அந்த ஓலையின் அடியில் இரண்டு வரி சேர்த்தார். "வேலை எந்தக் கிழமையில் தொடங்குகிறதோ, முடியும்வரை அது அந்தக் கிழமை வேலையே. கிழமை பிறப்பது சூரிய உதயத்தில்." ராஜா வழக்கம்போலப் படிக்காமலே முத்திரை குத்தினான்.

மறுநாளே உத்தரவு வந்தது: ஞாயிறன்று மடைப்பள்ளிக்காரர்கள் விடியுமுன்பே வேலைக்கு வரவேண்டும். வந்தார்கள். பொழுது சாயும்வரை உழைத்தார்கள். அளந்து போட்டது ஒரு மரக்கால்.

"ஐயா, இன்னொரு மரக்கால்?" என்றாள் காத்தாயி.

"இருட்டோடு தொடங்கினீர்கள் அல்லவா?" என்றார் அனந்தப்பர். " உதயத்துக்கு முன்னால் என்றால் அது சனிக்கிழமை. சனிக்கிழமை வேலைக்கு ஒரு மரக்கால். இஷ்டமில்லையென்றால் போகலாம். என் மைத்துனன் ஆட்களோடு காத்திருக்கிறான்."

அந்த இரண்டாவது மரக்காலை நம்பித்தான் காத்தாயியோடு இருந்த பெண்கள் பாதிப்பேர் வீட்டில் வாரக் கடைசியில் உலை கொதித்தது. அவள் நேரே சபைக்குப் போனாள்.

ராஜா முழுக் கதையும் கேட்டான். அன்றைக்கு அவன் சொக்கட்டான் ஆடித் தோற்றிருந்தான். "ஓலையில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படிதான் நடக்கவேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் தண்டனை!" என்றான்.

அனந்தப்பர் மீசையைத் தடவினார். காத்தாயி ஒரு கணம் யோசித்தாள். பிறகு கைகூப்பினாள்.

"எழுத்துப்படியே நடக்கலாமா மகாராசா?"

"நடக்கத்தான் வேண்டும்!"

அடுத்த ஞாயிறு. பெண்கள் இருட்டிலேயே வந்து அடுப்பு மூட்டினார்கள். காத்தாயி சோம்பல் படுகிறாளா என்று பார்க்க அனந்தப்பரும் வந்து வாசலில் நின்றார். கீழ்வானம் வெளுத்ததும் காத்தாயி ஒரு குடம் தண்ணீரை எடுத்து அடுப்பில் சரித்தாள். புஸ்ஸென்று அணைந்தது.

"என்ன இது கூத்து?" என்றார் அனந்தப்பர்.

"சனிக்கிழமை வேலை முடிஞ்சுது ஐயா."

சூரியன் மதில்மேல் தலைகாட்டியதும் புதிதாகத் தீ மூட்டினாள். "ஐயா, ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியாச்சு. கண்ணால பார்த்துக்கிட்டீங்களா?"

"பார்த்தேன், பார்த்தேன். ஒருநாள் இரண்டு மரக்கால் வாங்கிக்கொள். அடுத்த வாரத்துக்கு வேறு வரி எழுதுகிறேன்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அந்த அடுப்பை அவர்கள் அணைக்கவே இல்லை. முறைவைத்து விறகு தள்ளினார்கள்.

திங்கட்கிழமை ராஜா சாப்பிட உட்கார்ந்தான். குழம்பில் உப்பில்லை. மறந்திருப்பாள் என்று விட்டுவிட்டான். செவ்வாயும் இல்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்தான். புதன்கிழமை ரசத்தை வாயில் வைத்தவன் இலையைத் தள்ளிவிட்டுக் கத்தினான்:

"கூப்பிடு காத்தாயியை!" அவள் வந்து நின்றதும், "என் நாக்கு செத்துப்போச்சா, இல்லை உன் கை செத்துப்போச்சா? உப்பு எங்கே?"

காத்தாயி கைகூப்பினாள். "ஞாயித்துக்கிழமையில உப்புப் போட்டு மகாராசா விரதத்தைக் கெடுக்கவா?"

"இன்றைக்குப் புதன்கிழமை!"

"ஊருக்குப் புதன். மடைப்பள்ளிக்கு ஞாயிறு. ஞாயிறு உதயத்துக்கு மூட்டின அடுப்பு இன்னும் எரியுது, வேலை முடியலை. முடியும்வரை அது ஞாயிறு வேலைன்னு ஓலை சொல்லுது. சாட்சி, ஓலைநாயகம் ஐயாவே. ஓர் எழுத்து பிசகக்கூடாதுன்னு மகாராசா உத்தரவு."

ராஜா பக்கத்தில் நின்ற ஓலைநாயகத்தை மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். "அனந்தப்பரே, இந்த அடுப்பு எப்போது அணையும்?"

காத்தாயி முந்திக்கொண்டு பதில் சொன்னாள். "விறகு இருக்கிறவரை அணையாது மகாராசா. அதுவரை எங்களுக்குத் தினமும் ரெண்டு மரக்கால். உங்களுக்குத் தினமும் விரதம்."

ராஜாவின் மீசை துடித்தது; கோபமா என்று எல்லோரும் பயந்தார்கள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"படிக்காமல் முத்திரை போட்டது என் தப்பு. புது ஓலையை நீ சொல், காத்தாயி. அவர் எழுதட்டும்."

அவள் சொன்னாள், அனந்தப்பர் எழுதினார்: "சனிக்கிழமை அர்த்தசாம மணி அடித்ததிலிருந்து ஞாயிறு அர்த்தசாம மணி வரை ஞாயிறு. அதற்குள் எத்தனை நாழிகை வேலை விழுகிறதோ, அத்தனைக்கும் இரட்டைக் கூலி. யார் செய்தாலும் சரி."

ராஜா இந்தத் தடவை இரண்டு முறை படித்துவிட்டு முத்திரை வைத்தான். விட்டுப்போன மரக்காலோடு காத்தாயிக்கு ஒரு ஜோடி பொற்காப்பும் கொடுத்தான். "ஓலைநாயகமே, எழுதினவருக்கு அதன் ருசி தெரியவேண்டாமா? வருகிற ஞாயிறு நீரும் மடைப்பள்ளியில் வேலை பாரும்" என்றான்.

வந்தார் அனந்தப்பர். ஆட்டுக்கல்லைப் பிடித்தார். மத்தியானத்துக்குள் உள்ளங்கை கொப்பளித்து, புகையில் கண் சிவந்து, கட்டின பாட்டெல்லாம் மறந்துபோயிற்று. சாயங்காலம் காத்தாயி நெல் அளக்க, பெண்களோடு வரிசையில் நின்றார். தம் முறை வந்ததும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காத்தாயி அம்மா, எனக்கும் இரண்டு மரக்கால்தானே?"