வாலுள்ளவருக்கே ஓட்டு

பெரிய ஏரி ஒன்றின் கீழ்க்கரையில், கோரை மண்டிய குட்டையில், செங்கமலம் என்ற தவளை குடியிருந்தது.

அந்த ஏரி லேசுப்பட்ட ஏரி அல்ல. மழைக்காலம் வந்தால் தூரதேசத்துக் கூழைக்கடாக்களும் நாரைகளும் வாத்துகளும் கூட்டம் கூட்டமாக வந்து அங்கேதான் இறங்கும். பறவைகளுக்கு அது விமான நிலையம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவை இறங்குகிற இரைச்சலில் கீழ்க்கரையில் யாரும் நிம்மதியாகக் கண் மூட முடியாது. தலையில் எச்சம் விழாத நாளும் கிடையாது. ஆனால் அந்த விருந்தாளிகளால் ஊருக்குக் காலணாப் பிரயோஜனம் இல்லை.

கீழ்க்கரைப் பஞ்சாயத்துத் தலைவர் குண்டோதரன் என்ற பெருச்சாளி. கெட்ட பேர்வழி இல்லை. ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்ற நினைப்பு உண்டு. ஆனால் யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், உச்சி குளிர்ந்துவிடும்! அதைத் தெரிந்துகொண்டு ஒரு நாள் வந்து சேர்ந்தது உள்ளூர்க் கான்ட்ராக்டர் காட்டுப்பன்றி.

"தலைவரே! வர்ற பறவைங்க தங்குறதுக்கு ஒரு விடுதித் தெரு கட்டுவோம்! பக்கத்துலயே மீன் கடை, புழுக் கடை! அணிலுக்கு வேலை, கீரிக்கு வேலை! கீழ்க்கரை எங்கயோ போயிரும்!"

"கேக்க நல்லாத்தான் இருக்கு. இடம்?"

"அதோ, அந்தக் குட்டை! சும்மாதானே கெடக்கு? என் மூக்காலயே மண்ணைத் தள்ளி மூடிருவேன். தெருவுக்கு உங்க பேரையே வெச்சிருவோம்!"

பெருச்சாளியின் மீசை தானாகத் துடித்தது.

கோரைக்குள் இருந்து செங்கமலம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. சும்மா கிடக்கிறதாமே! அதன் தலைப்பிரட்டைகள் அத்தனையும் அந்தத் தண்ணீரில்தான் நீந்திக்கொண்டிருந்தன. குட்டையை மூடினால் ஒன்றுகூட மிஞ்சாது. செங்கமலம் ஒரே தாவில் கரைக்கு வந்தது.

"தலைவரே, அது சும்மா கெடக்கல! என் பிள்ளைங்க இருக்கு. மழை பெஞ்சா மேட்டுத் தண்ணி மொத்தமும் இங்கதான் வந்து நிக்குது. இதை மூடிட்டா அது எங்க போகும்? நேரா உங்க வளைக்குத்தான் வரும்!"

"இப்பல்லாம் எங்கம்மா மழை பெய்யுது?" என்று காட்டுப்பன்றி சிரித்தது.

"விடுதி வேண்டாம்னு நான் சொல்லல. அதோ தெரியுதே, அந்தப் பாறை மேட்டுல கட்டுங்க!"

"பாறையிலயா? என் மூக்கு என்னத்துக்கு ஆகும்!"

பெருச்சாளி தொண்டையைச் செருமிக்கொண்டது. "எதா இருந்தாலும் கூட்டத்துல ஓட்டுக்கு விட்டுருவோம். ஆனா பாவம், உனக்குத்தான் வால் இல்லையே, செங்கமலம்!"

கீழ்க்கரையின் வழக்கம் அது. கூட்டத்தில் சம்மதிப்பவர்கள் வாலைத் தூக்க வேண்டும். பிறகு மறுப்பவர்கள் தூக்க வேண்டும். எண்ணுவதற்குச் சுலபம் என்று யாரோ எப்போதோ ஆரம்பித்து வைத்தது. வால் இல்லாதவர்கள் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம்.

செங்கமலத்துக்கு அழுகை முட்டியது. தலை குனிந்து குட்டையைப் பார்த்தது. தண்ணீருக்குள் குஞ்சுகள் வாலை ஆட்டி ஆட்டி விளையாடிக்கொண்டிருந்தன. தவளையின் அழுகை சட்டென்று நின்றது.

"தலைவரே, ஒரு சந்தேகம். குட்டையா இருக்கிற வாலுக்கும் ஓட்டு உண்டா?"

காட்டுப்பன்றி தன் துக்கடா வாலை அவசரமாகப் பார்த்துக்கொண்டு, "உண்டு, உண்டு!" என்றது.

"சின்ன வயசா இருந்தா?"

பெருச்சாளி நெஞ்சை நிமிர்த்தியது. "என் பஞ்சாயத்துல பெரியவன் சின்னவன் பேதமே கிடையாது! கீழ்க்கரையில பொறந்திருக்கணும், கூட்டத்துக்கு வந்திருக்கணும், வால் இருக்கணும். அவ்வளவுதான்!"

சுற்றிலும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அணிலும் கீரியும் முயலும் கைதட்டின. எல்லோருக்கும் முன்னால் சொன்ன சொல் அது. செங்கமலம் தண்ணீருக்குள் போய்விட்டது.

கூட்டத்தைக் குட்டைக் கரையிலேயே வைக்க வேண்டும் என்று காட்டுப்பன்றி அடம்பிடித்தது. ஓட்டு முடிந்த கையோடு பூமி பூஜை போட்டு மண்ணைத் தள்ளிவிடலாம் என்று அதற்கு அவசரம். பெருச்சாளியோ, நல்ல காரியம் ஆயிற்றே, வளர்பிறை வரட்டும் என்றது.

இந்த வளர்பிறைதான் செங்கமலத்தின் உயிரை வாங்கியது!

"அம்மா, அம்மா! எனக்குக் கால் முளைச்சிருச்சு!" என்று ஒரு குஞ்சு குதூகலமாக வந்தது.

வேறு தாயாக இருந்தால் திருஷ்டி சுற்றிப் போட்டிருப்பாள். செங்கமலத்துக்குப் பகீர் என்றது. கால் வந்தால் பின்னாலேயே வால் கரையத் தொடங்குமே!

"கண்ணுங்களா, கொஞ்சம் மெதுவா வளருங்க! அம்மாவுக்காக இன்னும் கொஞ்ச நாள் அந்த வாலைப் பத்திரமா வெச்சுக்கோங்க!"

பெற்ற பிள்ளை வளரக் கூடாது என்று வேண்டிக்கொள்ளும்படி ஆகிவிட்டதே என்று அது தனக்குள் நொந்துகொண்டது. விடிந்ததும் எழுந்து ஒவ்வொரு வாலாகப் பார்க்கும். தினம் தினம் அவை குட்டையாகிக்கொண்டே வந்தன.

ஒருவழியாக வளர்பிறை வந்தது. கரையில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். காட்டுப்பன்றி மூக்கில் சந்தனம் பூசிக்கொண்டு தயாராக நின்றது.

"விடுதித் தெருவைக் குட்டை மேல கட்டச் சம்மதிக்கிறவங்க, வாலைத் தூக்குங்க!" என்று பெருச்சாளி அறிவித்தது.

அணில், கீரி, முயல், உடும்பு, காட்டுப்பன்றி என்று கரை முழுக்க வால்கள் எழுந்தன. பெருச்சாளி சந்தோஷமாக எண்ணி முடித்தது.

"மறுக்கிறவங்க யாராவது உண்டா?"

"உண்டு! தண்ணியைப் பாருங்க, தலைவரே!" என்று செங்கமலம் கத்தியது. "பிள்ளைங்களா, தூக்குங்க!"

குட்டை முழுவதும் தலைகள் கீழே போய், கன்னங்கரேலென்று வால்கள் மேலே வந்தன. நட்ட நாற்றுப் போல நெருக்கமாக நின்றன. பாதி கரைந்த வால், துளியூண்டு வால், எல்லாமே நடுங்கிக்கொண்டு நின்றன.

"இதுங்க தவளைங்க! செல்லாது, செல்லாது!" என்று காட்டுப்பன்றி குதித்தது.

பெருச்சாளிக்கு வேர்த்துவிட்டது. காட்டுப்பன்றியைப் பார்த்தது. தண்ணீரைப் பார்த்தது. தன் பெயர் வைத்த தெரு ஒரு கணம் கண்ணில் வந்து போனது. ஆனால் ஊருக்கு முன்னால் கொடுத்த வாக்கை எப்படி விழுங்குவது?

"இங்க பொறந்திருக்கு. கூட்டத்துக்கு வந்திருக்கு. வாலும் இருக்கு," என்று அது பெருமூச்சு விட்டது. "எண்ணவே வேண்டாம். குட்டையைத் தொடக் கூடாது! விடுதி பாறை மேட்டுலதான்!"

செங்கமலம் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டது. "அம்மா, இனி வளரலாமா?" என்று ஒரு குஞ்சு கேட்டது.

"வளருங்கடா என் செல்லங்களா! நல்லா வளருங்க!"

காட்டுப்பன்றி மூக்கு வலிக்க வலிக்கப் பாறை மேட்டில் விடுதி கட்டி முடித்தது. அந்த வாரமே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மேட்டுத் தண்ணீர் சுழித்துக்கொண்டு வந்து குட்டையில் இறங்கியது. பெருச்சாளி குடும்பத்தோடு வளை வாசலில் நின்று நடுங்கியது. தண்ணீர் ஏறியது, இன்னும் ஏறியது, வாசற்படிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றுவிட்டது.

"அப்பாடா!" என்று பெருச்சாளி அங்கேயே படுத்துவிட்டது.

மழை விட்டதும் பறவைகள் வந்து இறங்கின. நனையாத பாறை மேட்டு விடுதி அவற்றுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அணிலும் கீரியும் கடை திறந்தன. பெருச்சாளி மெல்லக் குட்டைக்கு வந்தது.

"செங்கமலம், அன்னைக்கு நீ சொன்னதை மட்டும் நான் கேக்காம இருந்திருந்தா..."

"நீங்க எங்க தலைவரே கேட்டீங்க? வாலைத்தானே பாத்தீங்க!"

பெருச்சாளி நாணிக் கோணிச் சிரித்தது. "தப்புதான். இனிமே வாலை எண்ண மாட்டோம். கீழ்க்கரையில இருக்கிற யாரும் வாயைத் திறந்து சொன்னாப் போதும்!"

வால் போய் முழுத் தவளைகளாகிவிட்ட பிள்ளைகள் அத்தனையும் அந்த நிமிடமே வாயைத் திறந்தன. தலைவர் காதைப் பொத்திக்கொண்டார். ஆனால் போகவில்லை, உட்கார்ந்து கேட்டார்.

ஊருக்குத் திட்டம் போடுகிறவர்கள், கடைசிக் குட்டையில் குடியிருப்பவரின் சொல்லையும் காதில் வாங்கிய பிறகுதான் மண்ணில் கை வைக்க வேண்டும்.