வாருக்குள் ஒரு சிவப்பு இழை

ஒரு காட்டின் நடுவே, எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும் உயரமான பாறை ஒன்று இருந்தது. அதன் இடுக்குகளில் மலைத்தேனீக்கள் பெரிய பெரிய அடைகளைக் கட்டியிருந்தன. அந்தத் தேனை ஒரு கரடியும் ஒரு குரங்கும் கூட்டாக எடுத்துவந்தன. ஒருநாள் கரடி இறங்கும், குரங்கு மேலே நின்று கயிற்றைப் பார்த்துக்கொள்ளும். மறுநாள் குரங்கு இறங்கும்.

உடம்பில் கட்டிக்கொண்டு இறங்க இரண்டுக்கும் ஒரே வார்தான் இருந்தது, குழந்தைகளே. தூக்கணாங்குருவி கூந்தல்பனையின் கறுப்பு நாரில் அதை நெய்து கொடுத்திருந்தது. கெட்டிக்காரக் குருவி அது. வாரின் உள்ளே, வெளியில் தெரியாதபடி, ஒரு சிவப்பு இழையையும் ஓட்டியிருந்தது.

"மேல்நார் தேய்ந்தால் இந்தச் சிவப்பு எட்டிப் பார்க்கும். அன்றே வாரை அறுத்துப் போட்டுவிடுங்கள். புதியது நெய்ய எட்டு நாள் ஆகும். அதுவரை யாரும் இறங்கக் கூடாது" என்று சொல்லியிருந்தது.

கரடி பயந்த சுபாவம். வாரை மூன்று தடவை திருப்பிப் பார்த்து, சிவப்பு இல்லை என்று உறுதியான பிறகே கட்டிக்கொள்ளும். குரங்குக்கு எல்லாவற்றிலும் அவசரம். இத்தனை பெரிய உடம்புக்குள் இத்தனை சின்ன மனசா என்று கரடியைக் கேலி செய்யும்.

மழைக்காலம் நெருங்கியது. எல்லாவற்றிலும் பெரிய அடை ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அன்று குரங்கின் முறை. அடைக்கு வழி பார்த்துவிட்டு மேலே ஏறும்போது, பாறை விளிம்பில் வார் நன்றாக உரசிவிட்டது. கழற்றிப் பார்த்தால், கயிறு கட்டும் முதுகுப் பக்கத்தில் விரல் நீளத்துக்குச் சிவப்பு தெரிந்தது.

குரங்குக்குப் பகீர் என்றது. எட்டு நாள் காத்திருந்தால் மழை வந்து தேன் போய்விடும். இன்னும் ஒரே ஒருநாள் தாங்காதா என்று நினைத்தது. நாளை இறங்கப்போவது தான் இல்லை என்பதும் அதற்கு நினைவிருந்தது. கரடி அந்தப் பக்கம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம், இடி விழுந்து கருகிய மரத்திலிருந்து கரியெடுத்துச் சிவப்பின் மேல் தேய்த்தது.

மறுநாள் கரடி வழக்கம்போல வாரை மூன்று தடவை திருப்பிப் பார்த்தது.

"சிவப்பு இல்லை, தம்பி. இறங்குகிறேன்" என்றது.

குரங்குக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்தது. ஆனாலும் "ம்" என்றுதான் சொன்னது.

கரடி பாதித் தூரம் இறங்கியபோது தூறல் விழுந்தது. குரங்கு மேலிருந்து எட்டிப் பார்த்தது. கரடியின் முதுகில் கரி கரைந்து வழிந்தது. நேற்று விரல் நீளம் இருந்த சிவப்பு இப்போது ஒரு சாண் நீளம். நார்கள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருந்தன. கரடிக்குத் தன் முதுகு தெரியாது. கீழே பார்க்கப் பயந்து பாறையையே பார்த்தபடி அது இறங்கிக்கொண்டிருந்தது.

சொல்லாவிட்டால் கரடி விழுந்துவிடும். சொன்னால் பயத்தில் உதறி, அதனாலேயே விழலாம். சொன்னால் தன் குட்டும் வெளிப்பட்டுவிடும். குரங்கு விளிம்பில் குனிந்து, பதறாத குரலில் சொன்னது:

"அண்ணே, அசையாதீர்கள். வாரை நம்பாதீர்கள். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். சிவப்பு நேற்றே தெரிந்துவிட்டது. நான்தான் கரி பூசி மறைத்தேன்."

கரடியின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் மேலே கேட்டது. கயிற்றை இறுகப் பிடித்து, மெல்ல மெல்ல ஏறியது. விளிம்புக்கு ஒரு முழம் இருக்கும்போது வார் அறுந்து நழுவியது. அது பள்ளத்தில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

பெரிய அடை மழையில் நனைந்து வீணானது. குருவி புதிய வார் நெய்து கொடுத்தது. கரடி இப்போதும் அதை மூன்று தடவை திருப்பிப் பார்க்கிறது. பிறகு குரங்கைக் கூப்பிட்டுக் கைகளை விரித்துக் காட்டச் சொல்கிறது. குரங்கும் தலையைக் குனிந்துகொண்டு காட்டுகிறது.

நீதி: எச்சரிக்கும் அடையாளத்தை மறைத்துவிட்டால் ஆபத்து போய்விடாது, அது நம்மை நம்பியவர் தலைமேல் விழும்.