மில்லுச் சாவி

செங்குளம் பேரூராட்சித் தலைவர் கதிரேசனுக்குப் பழைய அரிசி மில்லை இடித்துக் கல்யாண மண்டபம் கட்ட ஆசை. அந்த மில்லில்தான் சனிக்கிழமைதோறும் நாடகம் நடக்கும். வெளியூர் ஜனமெல்லாம் வந்து பார்க்கும்.

“நாடகம் ஊருக்குச் சோறு போடுமா? நாடகத்தாலதான் பிழைக்கிறேன்னு ஒரே ஒரு கடைக்காரர் தானா வந்து எங்கிட்ட சொல்லட்டும், மில்லை விட்டுடறேன்!” என்றார் தலைவர்.

நாடகத்துக்கு உடை தைக்கும் சிந்தாமணி மில்லைப் பூட்டிச் சாவியை அவரிடமே நீட்டினாள். “சரிங்க ஐயா. இந்த வாரம் நாடகம் இல்லை.”

சாவியை இடுப்பில் செருகி மீசையை முறுக்கிய தலைவர், வீட்டில் மட்டும் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பேரூராட்சி ஆபீசுக்குள் முதல் ஆளாகப் புகுந்தது, மெஸ் நடத்தும் வடிவம்மாள். தலைவரின் மனைவி.

“ரெண்டு அண்டா மாவு ஆட்டி வச்சிருக்கேன், ஒரு ஈ காக்கா வரல! நாடகம் நடந்தாத்தானே என் கடையில யாவாரம்? எந்த மடையன் மில்லைப் பூட்டினான்?”

தலைவரின் கை தானாக இடுப்பைப் பொத்தியது.

வாசலில் நின்ற சிந்தாமணி பணிவாகக் கேட்டாள். “ஒரு கடைக்காரர் போதுமாங்க ஐயா?”

அடுத்த சனிக்கிழமை தலைவரே மில்லைத் திறந்துவைத்தார். அதற்குள் அந்த ரெண்டு அண்டா மாவையும் இட்லியும் தோசையுமாகத் தனியாளாய்த் தின்று தீர்த்திருந்தார்.