பத்தாம் தடவை இறங்காத மாப்பிள்ளை

குழந்தைவேல் கிளைடரில் ஏறி மேலே போனான். இறங்கக்கூடாது என்று கீழே இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். நடந்த தப்பு இதுதான்.

மறுநாள் விடிந்தால் அவனுக்குக் கல்யாணம். வயது நாற்பத்திரண்டு. கொங்கு நாட்டில் அந்த வயதில் ஒருவனுக்குப் பெண் கிடைப்பது பாறையில் கிணறு வெட்டித் தண்ணீர் பார்ப்பது மாதிரி. ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம். அதை விட்டால் ஆடி. ஆடியில் யாரும் தாலி கட்டமாட்டார்கள். ஆவணி வரை பெண் வீட்டார் காத்திருக்கமாட்டார்கள். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் மாப்பிள்ளை மண்டபத்தில் இருக்கவேண்டும்.

அப்படிப்பட்ட நாளில் ஏன் பறந்தான் என்று கேட்பீர்கள். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று பெண் வீட்டில் கேட்டிருந்தார்கள். பறக்கிறார் என்று சொல்லியாயிற்று. சொன்னதைச் செய்யாமல் எப்படி மணவறையில் உட்காருவது? ஏறிவிட்டான்.

கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். நீள இறக்கை, ஒல்லி உடம்பு, ஒரு ஆள் உட்கார இடம். தரையில் வின்ச் என்று ஓர் இயந்திரம் நின்று கயிற்றைச் சுருட்டி இழுக்கும். கிளைடர் பட்டம் மாதிரி ஏறும். ஏறியதும் வயிற்றுக்கு அடியில் இருக்கும் கொக்கி திறந்து கயிற்றை விட்டுவிடும். அப்புறம் காற்று பார்த்துக்கொள்ளும். இதற்குமேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

வீசம்பாளையத்துக்காரர்கள் அதை ஏலத்தில் எடுத்தது கோழிப்பண்ணைக் கூரைக்காக. இறக்கை நீளமாக இருந்தது. பண்ணை அதைவிட நீளமாக இருந்தது. சரி, பறப்போம் என்று சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். தலைவர் சென்னியப்பன். அவருக்கு எல்லாம் தெரியும். செயலாளர் நாச்சிமுத்து. அவருக்கு விதிகள் எல்லாம் மனப்பாடம். ஞாபகம் வரத்தான் தாமதமாகும். வின்ச் ஓட்டுவது ஆறுச்சாமி. சில நாள் அவனும் பறப்பான். குழந்தைவேலைச் சொல்லிவிட்டேன்.

விமானத்துறை ஆபீஸிலிருந்து உத்தரவு ஒன்று வந்திருந்தது. இந்த ரகக் கிளைடரின் கொக்கியில் குறை இருக்கிறது, சில சமயம் பிடித்ததை விடாது, புதுக் கொக்கி அனுப்பியிருக்கிறோம், பத்தாம் தடவை தரை இறங்குவதற்கு முன் கட்டாயம் பொருத்தவேண்டும், பொருத்தாமல் இறங்கினால் பறக்க அனுமதி ரத்து.

பாதுகாப்புக்காக அனுப்பியது என்று உத்தரவிலேயே இருந்ததால், சென்னியப்பன் புதுக் கொக்கியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

முதல் தடவை இறங்கும்போதே பொருத்தியிருக்கலாம். பொருத்தவில்லை. பத்துக்கு முன்னால் என்றால் ஒன்பதுக்குப் பின்னால் என்பது சென்னியப்பன் கணக்கு. ஒன்பது முறை இறங்கியாயிற்று. எல்லாரும் கல்யாணப் பந்தல் வேலையில் மறந்துபோனார்கள். குழந்தைவேல் ஏறினான். கொக்கி அன்றைக்கு ஒழுங்காகத்தான் கயிற்றை விட்டது. அவன் மேலே போய்ச் சேர்ந்த பிறகு நாச்சிமுத்துவுக்கு ஞாபகம் வந்தது.

"தலைவருங்க, அவன் எறங்கினா பத்துங்க."

சென்னியப்பன் வாக்கி டாக்கியை எடுத்தார். "மாப்ளே, எறங்கிறாதே."

"ஏனுங் மாமா?"

"சொன்னாக் கேளு. மேலயே இரு. நாங்க பேசி முடிவு பண்றோம்."

ஊருக்கு மேற்கே கரடு என்று ஒரு கல்குன்று உண்டு. பாலக்காட்டுக் காற்று அதில் முட்டி மேலே எழும்பும். ஆனி மாதக் காற்று. அது அடிக்கிற வரையில் கிளைடர் தானாகக் கீழே வராது. குழந்தைவேல் கரட்டுக்கு மேலே பருந்து மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தான். கீழே கூட்டம் தொடங்கியது.

"எறங்கறதுக்கு முன்னால மாட்டோணும். அவ்வளவுதானே? மேலயே மாட்டிட்டாப் போச்சு," என்றார் சென்னியப்பன்.

"கொக்கி பீரோவுல இருக்குதுங்களே," என்றான் ஆறுச்சாமி.

"அதை அப்பறம் வீசிக்கலாம். மொதல்ல கை எட்டுதான்னு பார்க்கோணும். மாப்ளே, கையை வெளிய நீட்டி அடி வயித்தைத் தொடு பார்க்கலாம்."

"எட்டலீங்க மாமா. கொக்கி எனக்குக் கீழ இருக்குதுங்க."

சென்னியப்பன் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். "தலைகீழாப் பற. அடி மேல வந்துரும். எட்டும்."

இதில் ஒரு நியாயம் இருந்தது. குழந்தைவேல் கிளைடரைக் குப்புறக் கவிழ்த்தான். கை நீட்டத் திறந்த ஜன்னல் வழியாக, அவன் சட்டைப் பையிலிருந்து செல்போன் ஒன்று கரட்டு மேல் விழுந்தது. பின்னாலேயே மாப்பிள்ளைக்கு எடுத்த மூக்குக் கண்ணாடியும் விழுந்தது.

"அடி மேல வந்துருச்சுங்க மாமா. ஆனா நானும் கவுந்துட்டனுங்க. அது இப்பவும் என்ற காலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்குது."

"நீ எதுக்குடா கவுந்தே? அதை மட்டும் கவுத்துட்டு நீ நேரா இருக்க வேண்டியதுதானே."

குழந்தைவேல் முயன்று பார்த்தான். முடியவில்லை. தலைக்கு ரத்தம் ஏறியதுதான் மிச்சம். திருப்பிக்கொண்டான்.

மண்டபத்திலிருந்து போன் வந்தது. பெண் வீட்டு வேன் தாராபுரம் தாண்டிவிட்டதாம். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். மேலே இருக்கிறார் என்று நாச்சிமுத்து சொன்னார். மாடியில் இருக்கிறான்போல என்று நினைத்து அவர்கள் வைத்துவிட்டார்கள்.

அடுத்த யோசனையும் சென்னியப்பனுடையதே. "ஒன்பதாவது எறங்கினதை ரத்து பண்ணிறலாம். அப்ப இது ஒன்பதாவது ஆயிரும். எறங்கலாம்."

"சங்கத்துக்கு அந்த அதிகாரம் இருக்குதுங்க," என்றார் நாச்சிமுத்து. "தீர்மானம் போட்றலாம். முன்மொழியறேன்."

ஆறுச்சாமி முகம் வெளுத்துவிட்டது. "ஒன்பதாவது எறங்கினது நானுங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"ரத்து பண்ணிட்டா நான் எறங்கலைன்னு ஆயிருமுங்களே. அப்ப நான் எங்க இருக்கேன்?"

எல்லாரும் யோசித்தார்கள். கடைசியில் நாச்சிமுத்து மெதுவாகச் சொன்னார்: "விதிப்படி பார்த்தா, நீ மேல இருக்கே."

"முந்தாநேத்துல இருந்தா?"

"முந்தாநேத்துல இருந்துதான்."

"நேத்து என்ற வீட்டுல களியும் கீரையும் தின்னது யாரு? என்ற பொண்டாட்டி கேட்டா என்ன பதில் சொல்றது?"

"அது உங்க குடும்ப விசயம் ஆறுச்சாமி. சங்கம் தலையிட முடியாது."

ஆறுச்சாமி தலையில் கையை வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் இருந்த வேப்பங்கன்றை இறுகப் பிடித்துக்கொண்டான். ஒரு கல்யாணத்துக்காக ஒரு குடும்பத்தைக் கெடுக்கக்கூடாது என்று தீர்மானத்தைக் கைவிட்டார்கள்.

வாக்கி டாக்கி கரகரத்தது. "மாமா, எனக்கு ஒண்ணுக்கு வருதுங்க."

"அடக்கு மாப்ளே. கீழ நாங்க இருக்கோம்."

வழி கண்டுபிடித்தது நாச்சிமுத்து. ஆறுச்சாமி மண்ணில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு அது தோன்றியது.

"தரையில எறங்கக்கூடாதுன்னுதானுங்களே உத்தரவு?"

"ஆமா."

"வூட்டுக்கு ஒரம்பரை, விருந்தாளி வந்தா என்ன பண்றோம்? தரையிலயா உக்காரச் சொல்றோம்? ஜமுக்காளம் விரிச்சுப் போடறோம். ஏன்? ஜமுக்காளத்துல உக்காந்தா அது தரையில உக்காந்ததாகாது. பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து அப்படித்தானுங்க."

சென்னியப்பன் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கல்யாண மண்டபத்தில் இருந்த ஜமுக்காளம் அத்தனையும் டிராக்டரில் வந்து சேர்ந்தது. எல்லாம் பவானி ஜமுக்காளம், சிவப்பும் பச்சையும் பட்டை போட்டது. மண்டபத்துக்கார அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. கல்யாணத்துக்குத்தான் வைத்திருக்கிறார்கள், கல்யாண மாப்பிள்ளைக்குத்தான் எடுக்கிறோம், கேட்க என்ன இருக்கிறது? ஓடுபாதை நெடுக விரித்தார்கள். ஓரம் பறக்காமல் கல் வைத்தார்கள். ஊரில் எந்தச் சம்பந்திக்கும் அப்படி ஒரு வரவேற்பு நடந்ததில்லை.

"மாப்ளே, எறங்கு."

"ஒரு நிமிசம்," என்றார் நாச்சிமுத்து. "சக்கரம் மண்ணுல உருண்ட சக்கரமுங்க. செருப்போட ஜமுக்காளத்துல ஏறுவாங்களா?"

நியாயம். சென்னியப்பன் மறுபடி வாக்கி டாக்கியை எடுத்தார். "மாப்ளே, சக்கரத்தைக் கழட்டி வச்சுட்டு வா."

"கழட்ட முடியாதுங்க. உள்ள மடக்கலாமுங்க."

"மடக்கிட்டு வா."

வந்தான். நன்றாகத்தான் வந்தான், அதைச் சொல்லவேண்டும். சக்கரத்தை மடக்கிக்கொண்டு, வயிறு பட, வழுக்கிக்கொண்டு வந்தான். ஒரு ஜமுக்காளம் சுருண்டது. இரண்டாவதும் சுருண்டது. மூன்றாவதைக் கொக்கி கவ்விக்கொண்டது. கிளைடர் நின்றது. ஒரு ஈர்க்குச்சி அளவுகூட மண்ணில் படவில்லை. நாச்சிமுத்து சுற்றிலும் குனிந்து பார்த்து உறுதி செய்தார்.

குழந்தைவேல் மூடியைத் திறந்து ஒரு காலை வெளியே போட்டான்.

"காலை எடு," என்றார் சென்னியப்பன். "நீ இன்னும் மேல இருக்கே."

"வந்துட்டனுங்களே மாமா."

"ஜமுக்காளத்துக்கு வந்திருக்கே. தரைக்கு வரலை. பறக்கும்போது யாராச்சும் விமானத்தை விட்டு எறங்குவாங்களா?"

குழந்தைவேல் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். அதுவும் சரிதான் என்று அவனுக்கும் பட்டது.

ஆறுச்சாமி பீரோச் சாவி வாங்கி, புதுக் கொக்கியும் ஸ்பேனருமாக ஓடி வந்தான். கிளைடரை நெருங்கும்போது நாச்சிமுத்துவுக்கு ஒரு விதி ஞாபகம் வந்தது.

"தொடாதே ஆறுச்சாமி. பறந்துட்டு இருக்கற விமானத்துல வெளியாள் கை வைக்கக்கூடாது. பெரிய குத்தம்."

ஆறுச்சாமி ஸ்பேனரைக் கீழே போட்டான்.

நிலைமை இப்படி ஆயிற்று. கொக்கியை மாற்றாமல் இறங்கக்கூடாது. இறங்காமல் கொக்கியை மாற்றக்கூடாது. மூன்று பேரும் கிளைடரைச் சுற்றி எட்ட நின்றார்கள். குழந்தைவேல் உள்ளே இருந்தான். பொழுது மேற்கே இறங்கிற்று. அதற்கு உத்தரவு இல்லை. மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் சுதி பார்ப்பது கேட்டது. பெண் வீட்டு வேன் ஊருக்குள் நுழைந்து ஹாரன் அடித்தது.

"மாமா, அவங்க வந்துட்டாங்க. என்னைக் காணலைன்னா திரும்பிருவாங்க. இனி எனக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"பதறாதே. காலைல முகூர்த்தம் வரைக்கும் பறக்கலாம். தாலியை இங்கயே கொண்டாரச் சொல்லலாம்."

"பொண்ணு இதுக்குள்ள எப்படி உக்காரும்? ஒரு சீட்டுதான் இருக்குது."

"பறக்கறப்ப ரெண்டாவது ஆள் ஏறவும் கூடாதுங்க," என்றார் நாச்சிமுத்து.

அப்போதுதான் மொபெட் ஒன்று வந்து நின்றது. தெய்வாத்தாள் இறங்கினாள். மண்டபம் அவளுடையது. சம்பந்தி வீட்டார் வந்து வெறும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்து ஆறுச்சாமி இரண்டடி தள்ளி நின்றான்.

"எங்கடா என்ற ஜமுக்காளம்?"

"விமானத்துக்கு அடியில இருக்குதுங்க்கா," என்றார் சென்னியப்பன்.

"எடு."

"எடுக்க முடியாதுங்க்கா. அவன் பறந்துட்டு இருக்கான்."

தெய்வாத்தாள் குழந்தைவேலைப் பார்த்தாள். அவன் வணக்கம் சொன்னான்.

"எவ்வளவு நேரமாப் பறக்கறே?"

"காலையில இருந்துங்க்கா."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கவ்விய ஜமுக்காளத்தின் முனையை முறுக்கி மொபெட்டின் கேரியரில் கட்டினாள். சென்னியப்பன் நாச்சிமுத்துவைப் பார்த்தார். நாச்சிமுத்து கண்ணை மூடி எல்லா விதிகளையும் மனதில் ஓட்டினார்.

"விமானத்தைத் தொடக்கூடாதுன்னுதானுங்க இருக்குது. ஜமுக்காளத்தைப் பத்தி ஒண்ணும் இல்லைங்க."

மொபெட் உறுமிற்று. முன் சக்கரம் கொஞ்சம் எழும்பிற்று. ஜமுக்காளம் விறைத்தது. கொக்கி பிடித்ததை விடவில்லை. அதன் குறையே அதுதானே. விடாமல், இருந்த இடத்தை விட்டுப் பெயர்ந்து, ஜமுக்காளத்தோடு போயிற்று. அப்புறம் கிளைடர் தொம்மென்று மண்ணில் உட்கார்ந்தது.

நாச்சிமுத்து ஓடி வந்தார். "யாரும் அசையக்கூடாது. எது மொதல்ல? கொக்கி போனதா, வண்டி தரையைத் தொட்டதா?"

"கொக்கிதானுங்க," என்றான் ஆறுச்சாமி. "டக்குனு கழண்டுது. பின்னாலதான் தொம்முனு கேட்டுது."

"அப்ப எறங்கறதுக்கு முன்னாலயே குறை போயிருச்சு."

"புதுக் கொக்கி மாட்டலியே," என்றார் சென்னியப்பன்.

"கொக்கி இல்லாத வண்டி இனி ஏறாதுங்க தலைவரே. ஏறாதது எறங்கறது எப்படி? இதைவிடப் பாதுகாப்பு எதுங்க இருக்குது?"

சென்னியப்பன் திருப்தியாகத் தலையாட்டினார். புதுக் கொக்கியை மறுபடி பீரோவுக்கு அனுப்பினார். குழந்தைவேல் இதற்குள் வேலிப் பக்கம் ஓடிப்போய், ஒரு மனுஷன் எத்தனை நேரம் நிற்க முடியுமோ அத்தனை நேரம் நின்றுவிட்டு வந்தான். மொபெட்டில் பின்னால் ஏறினான். அவன் மடியில் ஜமுக்காளம், ஜமுக்காளத்தில் கொக்கி.

"ஒரு நிமிசம்க்கா," என்று நாச்சிமுத்து குறுக்கே நின்றார். "சரி பண்ணினது யாருன்னு ஆபீஸுக்குச் சொல்லோணும். லைசென்ஸ் இருக்கறவங்கதான் சரி பண்ணலாம். உங்ககிட்ட லைசென்ஸ் இருக்குதுங்களா?"

"மொபெட்டுக்கு இருக்குது. நகருடா."

"போதுமுங்க்கா."

கல்யாணம் ஆனியிலேயே நடந்தது. மாப்பிள்ளை மணவறையில் உட்காரும்போது எழுந்து எழுந்து உட்கார்ந்தான். அடியில் விரித்தது அதே ஜமுக்காளம், அதில் இன்னும் கொக்கி.

ஆபீஸிலிருந்து இப்போதும் உத்தரவுகள் வருகின்றன. இறக்கையில் விரிசல் பார், வால் திருகாணியை மாற்று என்று. வீசம்பாளையத்தில் யாரும் ஸ்பேனரைத் தொடுவதில்லை. கிளைடரை நாலு பேர் தூக்கி, அடியில் ஒரு ஜமுக்காளத்தை விரித்து, மேலே வைத்துவிட்டு, ஆளனுப்பிக் கூப்பிடுகிறார்கள். மொபெட்டில் வந்து ஓர் இழுப்பு இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போகிறாள், தெய்வாத்தாள்.