நெறஞ்சிருச்சு

பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு மதியச் சோறு போடும் மடம் அது. நடத்துகிறவர் சிவஞானத்தம்மை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தணிகாசலத்துக்கு அவருடைய அப்பா வயது இருக்கும். மடத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தணிகாசலம்தான் ஒவ்வொரு முறை கும்பிடும்போதும் லேசாகத் தடுமாறுவார்.

சின்ன வயதிலேயே தகப்பனாரோடு வடக்கே போய்விட்டவர். கடலுக்கடியில் எவ்வளவு எண்ணெய் கிடக்கிறது, எவ்வளவு வாயு கிடக்கிறது, எத்தனை காலம் வரும் என்று கணக்குப் போடுவதே ஆயுள் முழுக்க அவருக்கு வேலை. அவர் முதன்முதலாக அளந்து சொன்ன எண்ணெய் வயல் தீர்ந்துபோய்விட்டது, மூடிவிட்டார்கள் என்று அன்று காலையில் பழைய நண்பர் ஒருவர் போனில் சொன்னார். அதிலிருந்து மனிதருக்குக் காப்பிகூட இறங்கவில்லை.

அம்மையிடம் போய் நின்றார்.

“அம்மா, நான் அளந்த வயல் தீர்ந்துபோச்சு.”

“ம்.”

“உலகத்துல எல்லா வயலும் ஒரு நாள் தீரும். கேட்கிறவங்க மட்டும் கூடிக்கிட்டே போறாங்க. இவ்வளவு இருக்குன்னு நான் சொல்லச் சொல்ல உறிஞ்சி எடுத்தாங்க. நான் வாழ்ந்த வாழ்க்கை காலி பண்ணின வாழ்க்கைதானே?”

அம்மை பூத்தொடுப்பதை நிறுத்தவில்லை.

“இன்னைக்கு அடுப்படியில கேஸ் உங்க பொறுப்பு. அதைப் பாருங்க. பந்தி முடியட்டும், பேசுவோம்.”

எங்கோ கடலில் கேஸ் கப்பல்கள் நின்றுபோயினவாம், ஊரெங்கும் சிலிண்டருக்குத் தட்டுப்பாடு. வண்டி வாரத்துக்கு ஒரு தடவை வந்தாலே பெரிது. அன்றைக்குப் பார்த்து வந்து வாசலில் நின்றது. தணிகாசலம் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தார். சமையல்காரி செல்லாயி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“செல்லாயி, மாத்து சிலிண்டர் எப்படி இருக்கு?”

“அது நெறஞ்சிருச்சுங்க ஐயா.”

அவர் வாசலுக்குப் போய், “இங்கே நிறைய இருக்கு. இல்லாதவங்களுக்குக் குடுங்கப்பா” என்று வண்டியை அனுப்பிவிட்டார். பெரிய தர்மம் செய்துவிட்ட பூரிப்பு வேறு. பூமியைத் துளைத்துப் பார்த்த மனிதர், சுவரோரம் இருந்த சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கவில்லை.

அரிசி பாதி வெந்திருக்கும்போது அடுப்பு அணைந்தது. வெளியே நடையாளிகள் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

தணிகாசலம் தம் கட்டி மாற்று சிலிண்டரைத் தூக்கினார். அது எளிதாகக் கைக்கு வந்துவிட, பின்னால் சாய்ந்து சுவரில் இடித்துக்கொண்டார்.

“காலியா இருக்கே! நெறஞ்சிருச்சுன்னு சொன்னீங்க?”

“ஆமாங்கய்யா. நெறஞ்சிருச்சு.”

“நிறைஞ்சா எப்படிக் காலியாகும்?”

செல்லாயி அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். “சோறாக்குற எடத்துல தீந்துபோச்சுன்னு சொல்லலாங்களா? அரிசி ஆகிப்போனாலும் அப்படித்தான் சொல்வோம், உப்பு ஆகிப்போனாலும் அப்படித்தான். உங்க வீட்ல சொல்ல மாட்டாங்களா?”

அவருடைய அம்மா சொல்லியிருக்கலாம். அவர் எங்கே வீட்டில் இருந்தார்?

மடத்துத் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு டீக்கடை அபுதாகிரிடம் ஓடினார். விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே அபுதாகிர் கொதிக்கும் பாலை இறக்கிவைத்துவிட்டு சிலிண்டரைக் கழற்ற ஆரம்பித்தார்.

“உங்க வியாபாரம்?”

“கடை போடுறதுக்கு முன்னாடி ஒரு வருசம் மடத்துச் சோறுதான் பாய் எனக்கு. ஒரு வேளை டீ இல்லேன்னா ஊரு தாங்கும். ஒரு கை பிடிங்க.”

தன்னையும் பாய் என்று அவர் கூப்பிட்டது தணிகாசலத்துக்கு ஏனோ பிடித்திருந்தது.

சோறு வெந்தது. வெந்த உடனே, ஒரு துளி வீணாகாமல் அடுப்பை மூடினார். பரிமாறவும் அவரே போனார். காலில் துணி சுற்றியிருந்த ஒரு பெண் கடைசிக் கவளத்தை உண்டுவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டாள்.

“வயிறு நெறஞ்சிருச்சு சாமி.”

தணிகாசலம் வாளியோடு அப்படியே நின்றார். கடலுக்கும், பேர் தெரியாத பாறைகளுக்கும், பால் ஆறிக்கிடக்கும் டீக்கடைக்கும் சேர்த்து ஒரு நன்றி அவருக்குள் பொங்கிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை. பின்னாலிருந்து யாரோ ரசம் கேட்டார்கள்.

பந்தி முடிந்து அவரும் வயிறாரச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்தபோது அம்மை சுவரோரம் குனிந்து, இரண்டு சிலிண்டர்களுக்கும் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டுமே காலி சிலிண்டர்ம்மா.”

“தெரியும்.” இரண்டையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “அபுதாகிர் சிலிண்டரு?”

“திருப்பிக் குடுத்துட்டேன். பாதிக்கு மேல மிச்சம் இருக்கு.”

“நல்லது. காலையில என்னமோ கேட்டீங்களே. உங்க வயலைப் பத்தி அந்த நண்பர் என்ன சொன்னாரு?”

“தீர்ந்துபோச்சுன்னு.”

அம்மை குங்குமச் சிமிழை அவர் கையில் கொடுத்தார்.

“பாவம். அவர் அடுப்படிப் பக்கமே போனதில்ல போல.”