அளக்காமல் வந்த கம்பளம்

செங்குளச் சீமையை ஆண்ட உக்கிரசேன மகாராஜாவுக்கு உக்கிரம் பெயரில் மட்டும்தான். சேனையும் அப்படித்தான். அறுப்புக் காலம் வந்தால் பாதிப் படை வயலுக்குப் போய்விடும். ஆனால் மகாராஜாவின் ஆசைக்கு மட்டும் குறைவே இல்லை. புதிதாகக் கட்டிய கொலுக்கூடத்தில் ரத்தினக் கம்பளம் விரித்து, டில்லி பாதுஷா மாதிரி உட்கார வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

கண்மதிப்பில் வாங்கிய முதல் கம்பளம் சின்னதாகப் போயிற்று. சிம்மாசனத்தின் முன்கால்கள் தடித்த கம்பளத்தின் மேல், பின்கால்கள் தரையில். மகாராஜா ஒரு மாதம் கூரையைப் பார்த்தபடியே நியாயம் வழங்கினார். அடுத்தது பெரிதாகப் போயிற்று. சுவரோரமெல்லாம் மடிந்து எழும்பி நின்றது. மகாராஜா மீசையை முறுக்கிக்கொண்டு உள்ளே வந்தார், மடிப்பில் கால் தடுக்கிற்று, பூசணிக்காய் மாதிரி சிம்மாசனம் வரை உருண்டார்.

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அம்பலவாணன் மட்டும் இருமினான்.

மகாராஜாவுக்கு யோசனை சொல்வதும், பொழுது போகாதபோது சிரிக்க வைப்பதும் அம்பலவாணனின் உத்தியோகம். அந்த உத்தியோகத்தைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தர வேண்டும் என்று முதல் மந்திரியான பிரதானி புஜங்கராயர் வெகு நாளாகக் காத்திருந்தார். மகாராஜா தும்மினால்கூட நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுகிற மனிதர் அவர்.

"இருமல் பலமாக இருக்கிறதே," என்றார் பிரதானி. "இவ்வளவு கெட்டிக்காரன் இருக்கும்போது நமக்கு என்ன கவலை பிரபு? அடுத்த கம்பளத்தை இவனே செய்து வரட்டும்."

"அதற்கென்ன, ஒரு கயிறு கொடுங்கள். கூடத்தை அளந்துகொண்டு போகிறேன்," என்றான் அம்பலவாணன்.

பிரதானி காதைப் பொத்திக்கொண்டார். "மகாராஜா உட்காரும் இடத்தில் கயிறு பிடிப்பதா? பாடை கட்டத்தானே அப்படி அளப்பார்கள்? கயிறு, கோல், முழம், காலடி, எதுவும் இந்தக் கூடத்துக்குள் ஆகாது பிரபு."

சாவென்றால் மகாராஜாவுக்குக் குலை நடுங்கும். முகம் வெளுத்துவிட்டது.

"அளக்கவும் கூடாது, பொருந்தாமலும் போகக் கூடாது," என்றார். "சிம்மாசனத்தின் நாலு காலும் கம்பளத்தின் மேல் நிற்க வேண்டும். சுற்றிலும் ஒரு முழம் தரை தெரிய வேண்டும். தப்பினால், அந்தக் கம்பளத்தைத் தலையில் சுமந்துகொண்டு குடும்பத்தோடு சீமையை விட்டே போய்விடு."

அம்பலவாணன் நேரே வீட்டுக்குப் போய் மனைவி தில்லையம்மாளிடம் சொன்னான். அவள் சற்று யோசித்தாள்.

"எதற்கும் சின்னதாகவே நெய்யச் சொல்லுங்கள். சுமக்கப் போவது நீங்கள்தானே."

மறுநாள் சபையில் அம்பலவாணன் மகா பக்தனாக வந்து நின்றான். நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு கிண்ணம் மல்லிகைப் பூ.

"பிரபு, தாங்கள் விழுந்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. கண்ணேறு கழிவதற்காக, தங்கள் சந்நிதியில் கும்பிடுதண்டம் போடுவதாக வேண்டிக்கொண்டேன். பாதிக் கூடம்."

நீட்டி விழுந்து, விரல்நுனி தொட்ட இடத்தில் எழுந்து நின்று, அங்கிருந்து மறுபடி விழுந்து போவது கும்பிடுதண்டம். சாமிக்குப் போடுவார்கள். மகாராஜாவுக்கு அதுவரை யாரும் போட்டதில்லை. அவர் முகம் பூரித்துவிட்டது. பிரதானிக்கோ பற்றிக்கொண்டு வந்தது. காலில் விழுவதில் இன்னொருவன் போட்டிக்கு வருவதா?

"பாதிக் கூடமாம், பாதிக் கூடம். கஞ்சப் பயல்," என்று அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கினார் பிரதானி. "நான் சுவருக்குச் சுவர் போடுகிறேன் பிரபு. நீளவாக்கிலும் போடுகிறேன், குறுக்கேயும் போடுகிறேன்."

"அப்படியானால் அவர் விரல் தொடும் இடத்தில் பூ வைக்கிற புண்ணியமாவது எனக்குக் கிடைக்கட்டும்," என்று அம்பலவாணன் பணிவாக விலகிக்கொண்டான்.

பிரதானி விழுந்தார், எழுந்தார், விழுந்தார். தொந்தி ஒவ்வொரு முறையும் அவரைத் தொட்டில் மாதிரி ஆட்டியது. முடித்தபோது நிற்கக்கூடத் தெம்பில்லை. தூக்கிக்கொண்டு போய் வெளி நடையில் கிடத்தினார்கள். அம்பலவாணன் பக்கத்தில் உட்கார்ந்து வெகு நேரம் விசிறிக்கொண்டிருந்தான்.

மாசி பிறந்ததும் கம்பளம் வந்தது. விரித்தார்கள். நாலு காலும் மேலே, சுற்றிலும் ஒரு முழம் தரை. மகாராஜா சிம்மாசனத்தில் அமர்ந்து எதிரே இருப்பவர்களை நேராகப் பார்த்தார். பழக்கமில்லாததால் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"அளக்காமல் இது நடக்காது," என்று கத்தினார் பிரதானி. "திருட்டுத்தனமாகக் கயிறு கொண்டுவந்திருக்கிறான் பிரபு."

மகாராஜா சட்டென்று கால்களைத் தூக்கிக்கொண்டார். "கயிறு உள்ளே வந்ததா அம்பலவாணா?"

"இல்லை பிரபு. பிரதானியார்தான் வந்தார். கூடத்தின் நீளம் ஐந்து பிரதானி. அகலம் மூன்று பிரதானி, அதற்கு மேல் நாலாவது பிரதானி முழங்கால் வரைக்கும். ஓரத்துக்கு ஒரு முழம் கழித்து நெய்யச் சொன்னேன்."

"பிரதானி எவ்வளவு நீளம் என்று நெசவாளிக்கு எப்படித் தெரியும்?"

"வெளி நடையில் கையைக்கூட மடக்காமல் அப்படியே நீட்டிக் கிடந்தார். பக்கத்தில் கயிற்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டேன். தங்கள் கூடத்தைத்தானே அளக்கக் கூடாது? அவரை அளக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே."

"என்னையா? கயிறு போட்டா?" பிரதானி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

மகாராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்து மூக்கில் நின்றது. தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணனுக்குப் போட்டார். பிறகு மெல்லப் பிரதானியின் பக்கம் திரும்பினார். சிரிப்பு நின்றிருந்தது.

"பாடை, கயிறு என்றெல்லாம் என்னைப் பயமுறுத்தியது இவனை விரட்டத்தானா?"

பிரதானி மன்னிப்புக் கேட்க மகாராஜாவின் காலில் விழப் போனார். அம்பலவாணன் பாய்ந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"இங்கே வேண்டாம் பிரதானியாரே, இந்தக் கூடம் முடிந்துவிட்டது. ராணியம்மாளின் கூடத்துக்கு இன்னும் கம்பளம் வாங்கவில்லை. அங்கே போய் விழுங்கள். சுவரோரத்திலிருந்து ஆரம்பியுங்கள்."