பாதித் தீர்ப்பு

அல்லிக்குளத்தில் வழக்கு என்று வந்தால் கிழட்டு எருமைதான் நீதிபதி. கழுத்துவரை சேற்றில் அமிழ்ந்தபடியே தீர்ப்புச் சொல்லும். அதை நினைவில் வைத்திருப்பது மைனாவின் வேலை. அதே மாதிரி வழக்கு மறுபடி வந்தால், பழைய தீர்ப்பை மைனா ஒப்பிக்கும். ஆளுக்கொரு நியாயம் என்ற பேச்சே அங்கே கிடையாது. எருமைக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஒரு நாள் காட்டுப்பன்றி அலறிக்கொண்டு ஓடி வந்தது. தேனீக்கள் கொட்டி அதன் முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"ஐயா, எரிச்சலில் உயிர் போகிறது! கொஞ்ச நேரம் சேற்றில் புரள விடுங்கள்!"

எருமை மைனாவைப் பார்த்தது.

"பன்றி குளத்தில் இறங்கக் கூடாது! மூன்று வருடத்துக்கு முந்தைய தீர்ப்பு!" என்று மைனா கத்தியது.

"கேட்டாயா? முன்தீர்ப்பு இருக்கிறது. நான் என்ன செய்ய?" என்று எருமை சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

பன்றி கரையிலேயே நின்றது. வலி தாங்காமல் முகத்தை மண்ணில் தேய்த்தது. ஆனாலும் ஒரு குளம்பைக்கூடத் தண்ணீரில் வைக்கவில்லை.

அல்லி இலைமேல் இருந்த தவளைக்குப் பொறுக்கவில்லை.

"அட மைனாவே, தீர்ப்பில் பாதியை விழுங்கிவிட்டாயே! அன்று வழக்குக் கொண்டுவந்தவள் நான்தான். 'தவளை முட்டைகள் பொரியும்வரை' என்றல்லவா ஐயா சொன்னார்! முட்டைகள் பொரிந்து, எனக்குப் பேரன் பேத்தியே வந்தாகிவிட்டது!"

"நீளமாக இருந்தது... சுருக்கிக்கொண்டேன்" என்று மைனா முணுமுணுத்தது.

எருமை சட்டென்று கண்ணைத் திறந்தது. அந்த முட்டைகள் மிதிபடக் கூடாதென்று தானும் குளத்தில் இறங்காமல் வெயிலில் காய்ந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. முட்டைகள் பொரிந்த அன்றே தான் இறங்கிவிட்டது. பன்றியைக் கூப்பிட மட்டும் மறந்துவிட்டது. மூன்று வருடம்!

"நீயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று எருமை பன்றியிடம் கேட்டது.

"தீர்ப்பு என்று சொன்னீர்களே, ஐயா" என்றது பன்றி.

எருமையால் அந்த வீங்கிய முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவமானத்தில் கூனிக் குறுகிச் சேற்றிலிருந்து எழுந்தது.

"இறங்கம்மா. தப்பு என்னுடையது" என்று சொல்லிக் கரையேறியது. பன்றியின் வீக்கம் வடியும்வரை, அது நின்ற அதே இடத்தில் எருமை வெயிலில் நின்றது.

பழைய தீர்ப்பைப் பின்பற்றுகிறவர், அது எதற்காகச் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்தே பின்பற்ற வேண்டும்.